பொறுமை விளையும் பண்ணை

ஒரு டாலருக்கு அமெரிக்காவில் இன்றைக்கு நல்ல காபிகூடக் கிடைக்காது. ஆனால் 2007-ஆம் ஆண்டு ஆட்டப் பருவம் முடிந்த பிறகு பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி அதே ஒரு டாலருக்கு ஓர் ஆளையே வாங்கிவிட்டது. ஆளின் பெயர் டேனியல் நாவா. கலிபோர்னியாவில் சீக்கோ அவுட்லாஸ் என்ற சிறிய தனி அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். அதற்கு முன்னால் சாண்டா கிளாரா பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காமல், அங்கே மற்றவர்களின் உடுப்பைத் துவைத்துப் போடும் வேலை பார்த்தவர். பேரத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. பயிற்சி முகாம் முடிந்த பிறகும் ஆளை வைத்துக்கொள்வதானால் மேற்கொண்டு 1,499 டாலர் தரவேண்டும். மாட்டுத் தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்த்ததோடு முழு விலையையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ரெட் சாக்ஸ்காரர்கள் நிதானமானவர்கள். ஓட்டிக்கொண்டு போய், பூட்டி உழுது பார்த்துவிட்டு மிச்சத்தைத் தருகிறோம் என்றார்கள். இதை அடிமாட்டு விலை என்று சிலர் ஏசுகிறார்கள். அடிமாட்டுக்கு இன்று என்ன விலை என்று தெரியாதவர்கள்.

2010 ஜூன் 12 அன்று பெரிய அணியில் நாவாவின் முதல் ஆட்டம். அவர் சந்தித்த முதல் பந்து. மூன்று தளங்களிலும் ஆள் நிற்கிறார்கள். பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஒரே அடியில் நான்கு ஓட்டம். கிராண்ட் ஸ்லாம் என்பார்கள். மறு வருஷம் அதே அணி அவரைப் பட்டியலிலிருந்து கழித்துவிட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று மற்ற 29 அணிகளுக்கும் அறிவித்தது. ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மறுபடி கீழே போய், மறுபடி மேலே ஏறி, 2013-இல் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். பத்திரிகைகளெல்லாம் அவருடைய விடாமுயற்சியைப் பக்கம் பக்கமாக எழுதின.

எனக்கு இதில் ஒரு மனக்குறை. விடாமுயற்சி வேண்டுமென்றால் முதலில் விட்டுவிடும்படியான நிலைமை ஒன்று இருக்கவேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து உண்டாக்கிக் கொடுத்தவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. நீந்திக் கரையேறினவனை ஊரே தோளில் தூக்கிக்கொள்கிறது. கிணற்றில் தள்ளிவிட்ட புண்ணியவானுக்கு ஒரு மாலை கிடையாது. அந்த மாலையைத்தான் இங்கே தொடுக்கிறேன்.

அமெரிக்காவில் பெரிய அணிகள் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகச் சிறிய அணிகள்: ரூக்கி, சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. பள்ளிக்கூடத்தையோ கல்லூரியையோ முடித்து வருகிற பையனை அடிப்படியில் நிறுத்துவார்கள். ஏறலாம், இறக்கப்படலாம், பாதியில் கீழே தள்ளவும்படலாம். இந்த ஏற்பாட்டுக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் ‘ஃபார்ம் சிஸ்டம்’. பண்ணை முறை என்பது என் விஷமம் இல்லை, நேர் மொழிபெயர்ப்பு. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி இதைக் கண்டுபிடித்தார். பணக்கார அணிகளோடு போட்டி போட்டு வீரர்களை வாங்க அவரிடம் காசு இல்லை. ஆகவே சிற்றூர் அணிகளை வளைத்துப் போட்டு, மூட்டை மூட்டையாக விதைத்து, முளைத்ததை வைத்துக்கொண்டு, மிஞ்சியதை விற்றுக் காசாக்கினார். (பின்னாளில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்து நிறச் சுவரை உடைத்தவரும் இதே ரிக்கிதான். அதற்கு அவரை மனதார வணங்கலாம். அது வேறு கணக்கு.) 1938-இல் அப்போதைய பேஸ்பால் கமிஷனர் லேண்டிஸ் இந்தப் பண்ணையில் அடைபட்டிருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே உத்தரவில் அவிழ்த்துவிட்டார். நல்ல காரியத்துக்குக் குறுக்கே வருகிறவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

பண்ணை என்றால் பண்ணையாள் உண்டு, படியளப்பு உண்டு. படி எப்படி அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் முதலாளிகளின் புகழ் முழுமை பெறாது. ஆட்டம் நடக்கும் ஐந்து மாதத்துக்கு மட்டும் கூலி. மார்ச் மாதப் பயிற்சி முகாமுக்குக் கூலி கிடையாது. குளிர்காலத்தில் உடம்பைக் கட்டுக்குலையாமல் வைத்திருக்கவேண்டும், அதற்கும் கிடையாது. அந்த மாதங்களில் மூட்டை தூக்கியோ, வீட்டு வாசலில் பார்சல் கொண்டுபோய்ப் போட்டோ, விடுப்பில் போன வாத்தியாருக்குப் பதிலாகப் பாடம் எடுத்தோ வயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம். கீழ்ப்படியில் பல வருஷங்களாக மாதத்துக்கு 1,100 டாலர். இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர். கட்டில் வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை, அடுத்த வாரம் எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்? காற்றடைத்த மெத்தைதான். அதற்கு ஒரு குணம் உண்டு. படுக்கும்போது தரைக்கு மேல் அரையடி உயரத்தில் இருக்கும். விடியும்போது முதுகு தரையில் இருக்கும். எழுந்து, தோளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மணிக்கு 90 மைல் வேகத்தில் பந்து வீசப் போகவேண்டும். ஆட்டம் முடிந்து வந்தால் இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெயும் ஜாமும். கோடிகள் போட்டு வளர்க்கிற உடம்புக்கு இது போதுமா என்று கேட்பவர்கள் பந்தயக் குதிரையையும் பண்ணையாளையும் குழப்பிக்கொள்கிறார்கள். குதிரை விலை கொடுத்து வாங்கினது.

இந்தச் சிக்கனத்தை வெறும் வழக்கமாக வைத்திருந்தால் போதாது, சட்டமாகவே ஆக்கிவிட வேண்டும் என்று முதலாளிகளுக்குத் தோன்றியது. 2014-இல் காரெட் பிராஷுயிஸ் என்ற முன்னாள் பிட்சர் செய்த வேலை அப்படி. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பண்ணையில் வருஷக்கணக்காகப் பந்து வீசினவர், விட்டுவிட்டுச் சட்டம் படித்தார். பண்ணையாள் படிக்கப் போனால் என்ன ஆகும் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர் வந்து, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எங்களுக்கும் உண்டா இல்லையா என்று வழக்குப் போட்டார். 2016-இல் முதலாளிகளின் சார்பாக ஒரு மசோதா வந்தது. பெயர் ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்’. எவரிடமிருந்து காப்பாற்ற? குறைந்தபட்சக் கூலி கேட்கும் இருபது வயதுப் பையன்களிடமிருந்து. மசோதாவைக் கொண்டுவந்த இருவரில் ஒருவரான சேரி புஸ்டோஸ், ஊர் சிரித்ததும் சில நாளிலேயே கையை விலக்கிக்கொண்டார். முதலாளிகள் மனம் தளரவில்லை. விடாமுயற்சி பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2018 மார்ச்சில் அரசாங்கச் செலவு மசோதா ஒன்று வந்தது. மொத்தம் 2,232 பக்கம். அதில் 1,967-ஆம் பக்கத்தில், காதும் காதும் வைத்தாற்போல், பேஸ்பால் காப்பாற்றப்பட்டுவிட்டது. பேஸ்பால் தொழிலின் வருஷ வருமானம் அப்போதே ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. எவ்வளவு ஆபத்தான கட்டத்தில் காப்பாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்.

சட்டத்தின் சாரம் இது. வாரத்துக்கு 40 மணி நேரக் கூலி கொடுத்தால் போதும், எத்தனை மணி நேரம் உழைத்தாலும். மணிக்கு 7.25 டாலர் வீதம் வாரத்துக்கு 290. மாதத்துக்கு 1,160. ஆக, பழைய 1,100-க்கு 60 டாலர் உயர்வு! இதைச் சொல்லும்போது எனக்கே கண் கலங்குகிறது. மத்தியானம் ஒரு மணிக்கு மைதானத்துக்கு வந்து, பயிற்சி எடுத்து, ஆடி, குளித்து, ராத்திரி பதினொன்றுக்கு வெளியே போகிறவன் நான்கே நாளில் 40 மணி நேரத்தை முடித்துவிடுகிறான். மிச்ச நாளெல்லாம் விளையாட்டின்மேல் உள்ள ஆசைக்காக ஆடுவது. காசு வாங்காமல் ஆடும்போதுதானே ஆட்டம் தூய்மையாக இருக்கும்?

பயிற்சி முகாமுக்குக் கூலி ஏன் இல்லை என்பதற்கு 2022-இல் நீதிமன்றத்தில் முதலாளிகளின் வக்கீல்கள் சொன்ன காரணம் இன்னும் உயர்ந்தது. முகாமில் அந்தப் பையன்களுக்குக் கிடைக்கும் பயிற்சியின் மதிப்பு வாரத்துக்கு 2,200 டாலராம். நியாயம்தானே. சமையல்காரனுக்குச் சம்பளம் எதற்கு, அடுப்பங்கரையில் சமையல் கற்றுக்கொள்கிறானே? வாரத்துக்கு 2,200 டாலர் பையன்களிடம் வசூலிக்காமல் விட்டதை வக்கீல்கள் பெரிதுபடுத்தவில்லை. அந்தத் தன்னடக்கத்தையும் சேர்த்தே பாராட்டவேண்டும்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் பெரியவர், சிறியவர் என்ற வித்தியாசமே கிடையாது என்பதற்கு மைக்கேல் ஜோர்டானைச் சொல்வார்கள். கூடைப்பந்தில் உலகத்தையே ஆண்டவர் 1994-இல் பர்மிங்ஹாம் பாரன்ஸ் என்ற டபுள்-ஏ அணிக்கு வந்து 127 ஆட்டம் ஆடினார். பேட்டிங் சராசரி .202. மாதச் சம்பளம் எல்லோரையும் போல, 850 டாலர். உண்மையான சமத்துவம். அணிக்கு அந்த வருஷம் சொகுசு பஸ் ஒன்று வந்ததும், அவருடைய கூடைப்பந்து அணியையும் வைத்திருந்த பண்ணை முதலாளி அந்தச் சம்பளத்தையும் நிறுத்தாமல் கொடுத்துவந்ததும் தற்செயல்கள்.

பஸ் என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பின்படி பேஸ்பால் ஆட்டம் அந்தந்த மாநிலத்துக்குள் நடக்கும் உள்ளூர் விவகாரம். மாநிலம் விட்டு மாநிலம் போவதெல்லாம் அதற்கு ஒட்டுச் சரக்கு. ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் இதற்குப் பொருந்தாது. சிறிய அணியின் பஸ் ராத்திரி பத்தரைக்குக் கிளம்பும். ஒரு மாநிலம் தாண்டும், இன்னொன்றும் தாண்டும். இருக்கைக்கு நடுவே நடைபாதையில் துண்டை விரித்து ஒருவன் படுத்திருப்பான். கழிப்பறைக்குப் போகிறவன் அவனைத் தாண்டிப் போவான். விடியற்காலையில் மூன்றாவது மாநிலத்தில் போய் நிற்கும். சட்டப்படி அந்த பஸ் நூறு வருஷமாக எந்த எல்லையையும் தாண்டவில்லை.

இந்தத் தீர்ப்பினால்தான் முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசி, இந்த ஆள் உன்னுடையவன், அவன் என்னுடையவன் என்று பங்கு பிரித்துக்கொள்ள முடிந்தது. வேறு தொழிலில் இப்படிச் செய்தால் வழக்கு வரும். இங்கே வராது. வந்தாலும் நிற்காது. நியூயார்க் யாங்கீஸ் பண்ணையைச் சேர்ந்த ஜார்ஜ் டூல்சன் என்ற பிட்சர், கீழ் அணிக்குப் போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். போகாவிட்டால் வேறு எங்கேயும் ஆடக்கூடாது. 1953-இல் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பே சரி என்றது. 1969 அக்டோபரில் கார்டினல்ஸ் அணி, தன்னிடம் பன்னிரண்டு வருஷம் ஆடின கர்ட் ஃபிளட்டை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்தது. நான் விற்பதற்கான சொத்து இல்லை என்று அவர் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் அவரும் தோற்றார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நீதிபதி பிளாக்மன் அந்தத் தீர்ப்பின் முகப்பில் பழைய ஆட்டக்காரர்கள் எண்பது பேருக்கு மேல் பெயர் சொல்லி வரிசையாகப் போற்றியிருக்கிறார். ஆட்டக்காரனுக்கு உரிமை கிடையாது, புகழ் உண்டு. வாழ்க்கையை இழந்தவனுக்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்? 1998-இல் ஃபிளட்டின் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய அணிக்காரர்களுக்கு அதனால் கொஞ்சம் பாதுகாப்பு வந்தது. பண்ணையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே கவனமாக எழுதியும் வைத்தார்கள்.

இனி ட்ரூ மேகி. முதலாளிகளின் கைவண்ணத்தை ஒரே மனிதரிடம் பார்க்கவேண்டுமென்றால் இவரைத்தான் பார்க்கவேண்டும். 2010-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பதினைந்தாவது சுற்றில் இவரை எடுத்தது. அதன் பிறகு பதின்மூன்று பருவம், அணி மாறி அணி, 1,155 சிற்றணி ஆட்டங்கள். 2021 செப்டம்பரில் மினசோட்டா ட்வின்ஸ் பெரிய அணிக்குக் கூப்பிட்டது. சீருடை கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார். களத்தில் இறக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். பசித்தவனைப் பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளிக்கச் சொல்லி, பிறகு எழுந்திரு என்று சொல்வதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்?

2023 ஏப்ரலில் பைரேட்ஸ் வீரர் ஒருவர் தன் வீட்டுத் துக்கத்துக்குப் போனார். ஒரு வீட்டில் இழவு விழுந்ததால் ஓரிடம் காலி. டபுள்-ஏ அணியில் ஆடிக்கொண்டிருந்த மேகியைக் கூப்பிட்டார்கள். ஏப்ரல் 26, டாட்ஜர்ஸுக்கு எதிரான ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். ஆட்டம் ஏறக்குறைய ஜெயித்தாயிற்று, இனி யார் மட்டை பிடித்தால் என்ன என்ற நேரம். ஆண்ட்ரூ மெக்கட்சனுக்குப் பதிலாக மேகியை அனுப்பினார்கள். வயது 33; தாடி வைத்த அறிமுக வீரர். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. பெயரைச் சொல்லிக் கூவினார்கள். எதிரணிக்காரர்களும் கை தட்டினார்கள். அவர் மட்டை பிடிக்கிறவர் நிற்கும் பெட்டிக்குள் காலை வைத்து நின்றார், வெளியே வந்தார், ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி நின்றார். ஸ்ட்ரைக்-அவுட்.

அதற்கும் கை தட்டினார்கள். அடிக்காமல் திரும்பினவருக்கு அத்தனை பெரிய கைதட்டலை அந்த மைதானம் பார்த்திருக்காது. மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் அவருக்கு முதல் ஹிட் கிடைத்தது. மூன்று ஆட்டம், ஆறு முறை மட்டை, இரண்டு ஹிட். துக்கத்துக்குப் போனவர் திரும்பி வந்தார். ஒரு வாரம் முடிவதற்குள் மேகி கீழே இறங்கிவிட்டார். இங்கேதான் கணக்கு அழகாக இருக்கிறது. அந்த வருஷம் பெரிய அணியில் ஆகக் குறைந்த சம்பளம் 7,20,000 டாலர். நாள் கணக்கில் பார்த்தால் ஒரு நாளைக்கு 3,800 டாலருக்கு மேல். சிற்றணிக் கீழ்ப்படியில் அதற்கு முந்தைய வருஷம் வரை ஒரு பையனுக்கு ஒரு முழுப் பருவத்துக்கே 4,800 டாலர்தான். கூரை ஒன்றுதான், மேலே பெய்கிற மழை கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் பார்த்துக்கொள்கிற வேலைப்பாடு வேறு எந்தக் கொத்தனாருக்கு வரும்? மேகியின் கதையைப் படித்து உலகம் அழுதது. பதின்மூன்று வருஷம் காக்கவைத்தவர்கள் அன்றைக்கு டிக்கெட் விற்ற காசை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அடக்கமானவர்கள், அழுகையில் பங்கு கேட்கவில்லை.

திறமை குறைந்தவர்களை மட்டும் காக்கவைக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2015-இல் சிகாகோ கப்ஸ் அணியில் கிரிஸ் பிரையன்ட் என்ற இளைஞர் இருந்தார். அந்த வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன். வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. ஆனால் அவருக்கு ஃபீல்டிங் இன்னும் போதாது என்று நிர்வாகத்துக்குக் கவலை. ட்ரிபிள்-ஏ அணிக்கு அனுப்பினார்கள். பருவம் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 17 அன்று ஃபீல்டிங் முழுக்க வந்துவிட்டது, கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பருவத்தில் 172 நாள் இருந்தால் ஒரு முழு வருஷப் பணி என்று விதி. பிரையன்ட்டுக்குக் கணக்கில் வந்தது 171. அந்த ஒரு நாளினால் அவர் விருப்பப்பட்ட இடத்துக்குப் போகும் உரிமை ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. முறையிட்டார், நடுவர் 2020-இல் அணியின் பக்கமே தீர்ப்புச் சொன்னார். கல்வியின் பயன் சிலருக்கு உடனே தெரியாது.

மேலே போனாலும் உட்காரவிட மாட்டார்கள் என்பதற்கு எட்வின் ஜாக்சன். பதினேழு பருவத்தில் 14 பெரிய அணிகளுக்கு ஆடி, அத்தனை அணிச் சட்டைகளைப் போட்ட முதல் ஆள் ஆனார். 2010 ஜூன் 25 அன்று அரிசோனாவுக்காக 149 பந்து வீசி, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தார். பல பிட்சர்களுக்கு வாழ்நாளில் வாய்க்காத காரியம். அதைப் பாராட்டி அந்த அணி ஐந்தே வாரத்தில் அவரைச் சிகாகோ வொயிட் சாக்ஸுக்குத் தள்ளிவிட்டது. மறு வருஷம் வொயிட் சாக்ஸ் அவரை டொரன்டோவுக்குக் கொடுத்தது. டொரன்டோ அதே நாளில் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது. ஒரே நாளில் மூன்று ஊர்க்காரர். அவருடைய சூட்கேஸுக்கு நாக்கு இருந்திருந்தால் முதலாளிகளுக்குப் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கும்.

நம் நாட்டுப் பையன்களுக்கும் இந்தப் பாக்கியம் கிட்டியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஒரு டெலிவிஷன் போட்டியில் வேகமாகப் பந்து வீசி, 2008 நவம்பரில் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தம் ஆனார்கள். இதை வைத்து 2014-இல் டிஸ்னி ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படம் எடுத்தது. இசை நம் ஏ.ஆர். ரகுமான். ஒப்பந்தம் கிடைத்ததும் படம் முடிந்துவிடுகிறது. கல்யாணத்தோடு படத்தை முடிக்கிற நம் பழைய வழக்கம்தான். பிறகு நடந்த குடித்தனத்துக்கு யாரும் இசை அமைக்கவில்லை. படேலை 2010-இல் விட்டுவிட்டார்கள். ரிங்கு கீழ் ஏ நிலை வரைக்கும் ஏறினார். முழங்கை போயிற்று, அறுவை சிகிச்சை, மறுபடி காயம். பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். படத்தின் பெயரில் உள்ள மில்லியன் டாலர் எங்கே என்று கேட்கக்கூடாது. ஆர்ம் இருந்தது அல்லவா?

ஜான் ஓடம் என்றொரு பிட்சர். இவரைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சான் பிரான்சிஸ்கோ பண்ணை விட்டுவிட்ட ஆள். 2008-இல் கால்கரி என்ற கனடா அணி இவரை வாங்கியது; பழைய வழக்கு ஒன்றினால் கனடாவுக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. டெக்ஸாஸில் லரேடோ என்ற தனி அணி எடுத்துக்கொள்கிறேன் என்றது. பதிலுக்கு என்ன? பத்து மட்டை. மேப்பிள் மரத்தில் செய்து கறுப்புச் சாயம் ஏற்றினவை. விலை 665 டாலர். ஒரு டாலருக்குப் போன நாவாவோடு ஒப்பிட்டால் நல்ல விலை என்றுதான் நானும் எழுதி வைத்திருந்தேன். செய்தி ஊர் ஊராகப் பரவியது. அவர் பந்து வீச ஏறினால் ஒலிபெருக்கியில் ‘பேட்மேன்’ இசையைப் போட்டார்கள். சிரித்துக்கொண்டே தாங்கினார் என்கிறார்கள். மூன்று வாரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அந்த நவம்பரில் செத்துப்போனார், போதை மருந்து. வயது 26. கூட ஆடினவர்களுக்கே அந்தச் சாவு நான்கைந்து மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

மட்டைகள் நன்றாக இருக்கின்றன. ஒன்றைக்கூட ஆட்டத்துக்கு எடுக்கவில்லை. ‘ரிப்ளி’ வினோதக் காட்சிசாலைக்காரர்கள் அந்தப் பத்தையும் 10,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள். பணம் தர்மத்துக்குப் போயிற்று. தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து மெச்சிய ஔவையார் இருந்திருந்தால் இவற்றையும் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார். ஒரு கீறல் இல்லை.

2020-இல் நோய் வந்து சிற்றணிப் பருவமே ரத்தானது. பையன்களுக்கு வாரம் 400 டாலர் உதவித்தொகை என்று ஏற்பாடு. ஓக்லண்ட் அணியின் முதலாளி மே மாதத்தோடு அதையும் நிறுத்துவதாக அறிவித்தார். ஊர் காறித் துப்பியதும் மனம் இளகி, கொடுக்கிறேன் என்றார். அதே சமயத்தில் டாட்ஜர்ஸ் பிட்சர் டேவிட் பிரைஸ் தன் சொந்தக் காசில் அந்தப் பண்ணையின் பையன்கள் ஒவ்வொருவருக்கும் 1,000 டாலர் கொடுத்தார். கூலிக்காரன் தானம் செய்வதும் பண்ணையார் மிச்சம் பிடிப்பதும் அந்தந்தக் குலத்துக்கு உரிய அறம். மறு வருஷம் பண்ணையிலும் களை எடுத்தார்கள். 160 சிற்றணிகள் 120 ஆயின. நாற்பது ஊரில் விளக்கு அணைந்தது. மின்சாரம் மிச்சம்.

2022 ஜூலையில் கமிஷனர் ராப் மான்ஃபிரெட்டிடம் நிருபர்கள், பையன்களுக்கு வாழப் போதுமான கூலி ஏன் இல்லை என்று கேட்டார்கள். போதாது என்கிற அடிப்படையையே நான் ஏற்கவில்லை என்றார் அவர். அவர் வருஷச் சம்பளம் கோடிக் கணக்கான டாலர். போதும் என்ற மனம் அவருக்கு எப்படி வந்தது என்பதில் வியப்பில்லை. அதே மாதத்தில் அந்தப் பழைய கூலி வழக்கை 18.5 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ள முதலாளிகள் ஒப்புக்கொண்ட செய்தியும் வந்தது. தவறே செய்யாதவர்கள் இவ்வளவு பெரிய தொகை கொடுப்பது வள்ளல் தன்மையல்லாமல் வேறென்ன?

அதன் பிறகு கெட்ட காலம். பையன்கள் அந்த இலையுதிர் காலத்திலேயே சங்கம் சேர்ந்துவிட்டார்கள். 2023-இல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கீழ்ப்படியில் 4,800 டாலராக இருந்தது 19,800 ஆயிற்று. ட்ரிபிள்-ஏயில் 17,500 இருந்தது 35,800. பயிற்சி முகாமுக்கும் கூலி. படுக்க வீடு. காற்றடைத்த மெத்தை விற்கிறவன் பாடு என்ன என்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வயிறு நிறைந்து, நீட்டிப் படுத்துத் தூங்கி எழுந்து வருகிற பையனிடம் எந்த ஊர்ப் பத்திரிகைக்காரன் போய் விடாமுயற்சி பற்றிக் கேட்பான்?

ஆனால் முதலாளிகள் அன்றைக்கும் அவர்களைக் கைவிடவில்லை. கூலி ஏறினால் ஆள் குறைப்பது பண்ணை வழக்கம். ஒவ்வொரு அணியும் பண்ணையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்களின் உச்சவரம்பு 180 ஆக இருந்தது. அதே ஒப்பந்தத்தில் அதை 165 ஆக ஆக்கிக்கொண்டார்கள். பண்ணைக்குப் பதினைந்து, முப்பது பண்ணை. 450 பேருக்கு இனி இந்தச் சிரமமே இல்லை.